நிறுத்து என்பதற்கான சைகை

அங்கே ஒன்பது அடிக்கும்போது ஜுபைலில் ஆறரை.
மக்ரிப் பாங்கு சொல்லி முடிந்து
பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஓய்ந்ததும்
கேம்ப்பில் பதினேழாம் அறையின் டிவி வாய் திறக்கும்.
பூட்ஸ் கழற்றாமலே வந்து உட்காருவான் பவுன்ராசு.
டம்பர் வெங்காயம் உரிப்பான். நேபாளி, தமிழ் தெரியாது.
ஆனாலும் கண்ணீர் அவனுக்குத்தான் முதலில் வரும்.

இன்றைக்குத் திரையின் அடியில்
சிவப்பாக ஓடுகிறது பவுன்ராசுவின் ஊர்.
பெயர் வாயில் நுழையாமல்
நாலு வருஷமாக நாங்கள் கிண்டலடித்த ஊர்.
அங்கே ஒரு கொடிக்கம்பம் சாய்ந்துவிட்டதாம்.
சாய்த்தது காற்றா, கையா?
ஆறு சன்னலில் ஆறு தலை.
மூன்று பேர் காற்றின் கட்சி, இரண்டு பேர் கையின் கட்சி.
ஆறாமவர் விரலைத் தூக்கியபடியே இருக்கிறார்,
ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கிற பிள்ளை மாதிரி.
நடுவில் கோட்டுப் போட்டவர்
பதில் சொல்லுங்கள் பதில் சொல்லுங்கள் என்கிறார்,
பதில் சொல்ல வாய் திறந்தவர்களிடமெல்லாம்.

நான் ரிக்கர்.
பகலெல்லாம் கிரேன் கொக்கியை அண்ணாந்து பார்க்கிற வேலை.
எண்பத்தைந்து டெசிபலைத் தாண்டினால்
காதுக்கவசம் மாட்டு என்று
கம்ப்ரசர் கொட்டகையில் நாலு மொழியில் போர்டு உண்டு.
அத்தனை இரைச்சலில் யாரும் கத்துவதில்லை,
கைதான் பேசும்.
சுட்டுவிரல் வானம் பார்த்துச் சுழன்றால்
பாரம் ஏறும்.
ஒரு கிரேனுக்கு ஒருவன்தான் கை காட்டலாம்.
இரண்டு பேர் காட்டினால்
எகிப்துக்கார ஆபரேட்டர் இஞ்சினை அணைத்துவிட்டுத்
தண்ணீர் குடிக்க இறங்கிவிடுவான்.

திரையில் கம்பம் மறுபடி விழுகிறது,
வட்டம் போட்டு, அம்பு போட்டு.
நாற்பதாவது தடவை விழும்போது
நான் அதன் அடியைப் பார்த்தேன்.
இருபதடிக் குழாய். ஒன்றரை அடிக் குழி.
கான்கிரீட்டுக்குப் பதில் செங்கல் நொறுக்கு.
"இது இத்தனை நாள் நின்னதே பெருசு" என்றேன்.
"சும்மா இருண்ணே, அவரு பேசட்டும்" என்றான் பவுன்ராசு.

பிறகு பொறுக்காமல் வீட்டுக்குப் போன் அடித்தான்.
ஸ்பீக்கரில் மாரிக்கனி.
அவள் குரலுக்குப் பின்னால் அதே கோட்டுக்காரர்:
பதில் சொல்லுங்கள்.
நாலு வினாடி கழித்து எங்கள் டிவியில்:
பதில் சொல்லுங்கள்.

"தெருவுல என்ன நடக்குது?"
"அதத்தான் பாத்துட்டிருக்கேன். இருங்க, இன்னும் சொல்லல."
"கதவத் தொறந்து பாரேன்."
"இந்தக் கத்து கத்துறாங்க, எப்படித் தொறக்க?"
"எதுத்த வீட்ல?"
"அவங்களும் அடைச்சிட்டாங்க.
அங்கயும் இதே சத்தந்தான் கேக்குது."

டம்பர் கத்தியைக் கீழே வைத்தான்.
யார் செத்தது என்று கேட்டான், தெரிந்த இந்தியில்.
யாரும் இல்லை என்றோம்.
அப்புறம் எதற்கு எல்லாரும் ஒரே நேரத்தில், என்று தொடங்கி
முடிக்காமல் அடுத்த வெங்காயத்தை எடுத்தான்.

ஒரே கை என்றேனே,
அதற்கு விலக்கு ஒன்று உண்டு.
நிறுத்து என்பதை மட்டும் யாரும் காட்டலாம்.
ஹெல்பர், பெயிண்டர்,
டீ கேனோடு குறுக்கே போகிற பையன்.
இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி
உள்ளங்கை தரையைப் பார்க்க வீச வேண்டும்.
யார் வீசினாலும் பாரம் அந்தரத்தில் நிற்கும்.
ஏன் என்று பிறகுதான் கேட்பார்கள்.

எழுந்து டிவிக்கு முன்னால் போய்
வீசிக் காட்டினேன்.

"மறைக்காதண்ணே!"

அவள் டிவியில் முதலில், பிறகு எங்கள் டிவியில்
விளம்பரம் வந்தது. தலைமுறைக்கும் உறுதியான முறுக்குக் கம்பி.
போனுக்குள் தாழ்ப்பாள் உராய்ந்தது.
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை,
ஒரு நாய் ஒருதரம் குரைத்தது தவிர.

"என்னட்டீ தெரியுது?"
"கம்பம் ரோட்டோரமாக் கெடக்கு.
யாரோ ஆட்டைக் கட்டிப் போட்டிருக்காங்க அதுல."
"ஆளு?"
"ஆளு ஒருத்தரையும் காணோம்…
ஏங்க, இடைவேளை முடிஞ்சிட்டு, வைக்கிறேன்."